குற்றவாளி யார்?

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் நாம் முதலில் கேட்கும் கேள்வி எது? "ஏன் கெட்டது?" என்பதா? இல்லை. "யார் கெடுத்தது?" என்பதுதான். பால் பொங்கி வழிந்தால் அடுப்படியில் நின்றவரைத் தேடுகிறோம். மிதிவண்டிச் சங்கிலி அறுந்தால் கடைசியாக ஓட்டியவரைத் தேடுகிறோம். இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய மடிக்கணினி. அந்தப் பாடத்திற்கு நான் செலுத்திய கட்டணம் சிறிதன்று.

2011ஆம் ஆண்டு முதல் நம் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின், நம் சிற்றூர்களிலும் அந்தக் கருவி பலருக்குப் பழக்கமான பொருளாகிவிட்டது. எங்கள் வீட்டிற்கு வந்தது வேறு வழியில். அத்தை மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும், தன் பழைய மடிக்கணினியை என்னிடம் கொடுத்து, "படிக்கிற பிள்ளை வச்சுக்க" என்றார். நான் முதலாம் ஆண்டில் சேர்ந்த நேரம் அது. அன்று முதல் வீட்டில் அதற்கு நான்தான் உரிமையாளர் என்று எனக்கொரு நினைப்பு. தம்பி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். நான் தூங்கிய பிறகோ, நான் இல்லாத நேரத்திலோதான் அவன் அதில் பாடம் பார்ப்பான். சில நேரம் விளையாடவும் செய்வான்.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில் அந்தத் தொல்லை தொடங்கியது. திட்ட அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திரை சட்டென்று இருண்டது. சில நொடிகளில் தானே உயிர்பெற்று எழுந்தது. நான் பெருமூச்சு விடுவதற்குள் மறுபடியும் விழுந்தது. மறுநாள் இரவும் அதே கதை. இருபது நிமிடம் ஓடும், அணையும், எழும், மீண்டும் அணையும். அறிக்கையின் மூன்று பக்கங்கள் காற்றோடு போயின. ஒப்படைக்க வேண்டிய நாளோ ஐந்து வாரத்தில்!

எனக்கு வந்த கோபத்தை என்னென்பேன்! கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"கண்ட விளையாட்டையெல்லாம் ஏத்தி வைரஸை உள்ள விட்டுட்டே. இனிமே இதைத் தொட்டா கையை முறிச்சுருவேன்!"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றான் அவன்.

"பொய் வேற சொல்றியா?"

அவன் பதில் பேசவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மா பலகையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்; எதுவும் சொல்லவில்லை. அன்று முதல் தம்பி என்னோடு பேசுவதை நிறுத்தினான். மாலையில் வீட்டில் தங்குவதையும் நிறுத்தினான். "ஊர் சுத்தப் போகிறான், குற்றமுள்ள நெஞ்சு" என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த நாள் செக்காலைப் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிருச்சும்மா, 6,500 ரூபாய் ஆகும்" என்றார். என் அம்மா பலகாரம் சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர். தேன்குழலும் மணகோலமும் அதிரசமும் சீப்புச் சீடையும் எங்கள் வீட்டில் பண்டிகைக்குச் செய்பவை அல்ல, நாள்தோறும் செய்பவை. அவற்றை விற்ற காசில்தான் என் கல்லூரிக் கட்டணம், தம்பியின் புத்தகம், வீட்டு வாடகை எல்லாம். 6,500 ரூபாய்க்கு எத்தனை சட்டி எண்ணெய் காய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

திட்ட அறிக்கைக்குக் கூடுதல் நாள் கேட்கத் துறைக்குப் போனேன். பேராசிரியர் காரணம் கேட்டார். சொன்னேன்.

"எப்போது அணைகிறது?" என்றார்.

"அடிக்கடி அணைகிறது ஐயா."

"அடிக்கடி என்பது அளவா? இயக்கி எத்தனை நிமிடத்தில்? எங்கே வைத்திருந்தாய்? என்ன வேலை நடந்தது? மின்கலத்தில் ஓடியதா, மின்சாரத்தில் ஓடியதா? நீலத் திரை வந்ததா, வெறும் இருட்டா?"

ஒன்றுக்கும் என்னிடம் விடையில்லை. அவர் சிரித்தார். "என்னம்மா, மூன்று ஆண்டு ஆய்வகத்தில் நின்றிருக்கிறாய். ஊசல் ஆடும் நேரத்தை ஐந்து முறை அளந்து சராசரி எடுக்கிறாய். உன் வீட்டுக் கருவிக்கு மட்டும் ஒருமுறைகூட அளக்காமல் தீர்ப்பு எழுதிவிட்டாயே! ஒரு நோட்டுப் போடு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டு மாற்றம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது" என்றார்.

அன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நண்பர்களே, உங்கள் கணினிக்கும் இந்த நோய் வரலாம். ஆகவே நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, நோயாளி கண்ணை மூடுவதற்குள் உயிலை எழுதி வாங்குவது! அதாவது, ஓடுகிற இருபது நிமிடத்துக்குள் வேண்டிய கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டேன். பழுது நீங்காவிட்டாலும் உழைப்பு மிஞ்சும் அல்லவா?

இரண்டாவது, அது விழும்போது ஏதேனும் சொல்கிறதா என்று கவனித்தேன். விண்டோஸில் பிழை நேர்ந்தால் உடனே தானாக மறுபடி தொடங்கும்படி ஓர் அமைப்பு உண்டு. அதை நிறுத்திவைத்தால், மென்பொருளோ அதன் துணை நிரலோ தவறு செய்யும்போது நீலத் திரை அப்படியே நிற்கும். அதில் பிழையின் குறியீடும் இருக்கும். நிறுத்திவைத்துப் பார்த்தேன். நீலத் திரை வரவே இல்லை. நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்ற எண்ணுள்ள குறிப்பு மட்டும் வரிசையாக இருந்தது. முறையாக மூடப்படாமல் கணினி நின்றுபோனது என்பதுதான் அதன் பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது.

மூன்றாவது, விண்டோஸையே விலக்கிப் பார்த்தேன். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியை இயக்கலாம். அப்போது உள்ளே இருக்கும் விளையாட்டு, வைரஸ் எதுவும் வேலை செய்யாது. அப்படி இயக்கி, பாடக் காணொளி ஒன்றை ஓடவிட்டேன். பதினெட்டாவது நிமிடத்தில் அணைந்தது.

நோட்டில் "லினக்ஸ், 18 நிமிடம்" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அந்த வரியின் பொருள் எனக்கு உறைத்தது. தம்பியின் விளையாட்டு இதற்குக் காரணமில்லை. அவன் சொன்னது உண்மை. அப்போதே எழுந்து போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "முழுக் காரணமும் தெரியட்டும்" என்று என் அகந்தைக்கு அறிவியல் வேடம் போட்டுவிட்டேன்.

நான்காவது, மின்கலம். நம் ஊரில் சிக்ரி என்று நாம் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்டது. மின்கல ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஊரில் பிறந்துவிட்டு மின்கலத்தைச் சோதிக்காமல் விடலாமா? லித்தியம் மின்கலம் கெட்டால் சில நேரம் உப்பிக்கொள்ளும். அப்படி உப்பியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். எங்களுடையது உப்பவில்லை. மின்கலத்தைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் மட்டும் இயக்கினேன். பிறகு மின்சாரத்தை விலக்கி மின்கலத்தில் மட்டும் இயக்கினேன். இரண்டிலும் ஏறக்குறைய அதே இருபது நிமிடம்.

ஐந்தாவது, ரேம் என்னும் நினைவகச் சில்லுகள். எங்கள் மடிக்கணினியில் இரண்டு உண்டு. மின்சாரத்தையும் மின்கலத்தையும் நீக்கிய பின் அவற்றைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தேன். பிறகு மற்றதை மட்டும். எதிலும் மாற்றமில்லை.

நோட்டில் ஆறு பக்கம் நிறைந்துவிட்டது. பழுது மட்டும் பிடிபடவில்லை. கடைக்காரர் சொன்னதே சரியோ என்று சோர்ந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை வந்தது.

என் தாத்தா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டிற்குக் காவல் பார்க்கிறார். உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். திருமணம், சடங்கு என்றால்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் தூண்களுக்கும் புறாக்களுக்கும் தாத்தாவுக்கும்தான் அந்த வீடு. அம்மா கொடுத்த பலகாரப் பொட்டலத்தோடு மடிக்கணினியையும் எடுத்துச் சென்றேன். வளவில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உட்கார்ந்து, கருவியைத் தரையிலேயே வைத்து அதே பாடக் காணொளியை ஓடவிட்டேன்.

இருபது நிமிடம் கடந்தது. ஒரு மணி நேரம் கடந்தது. தாத்தா சோறு போட்டார், உண்டேன். நான்கு மணி நேரம் ஓடிய பிறகு நானேதான் அதை நிறுத்தினேன்.

"தாத்தா, இது வீட்டுல ஓட மாட்டேங்குது. இங்க வந்தா மட்டும் ஓடுது" என்றேன்.

"பின்ன ஓடாதா ஆத்தா? அங்க எனக்கே மூச்சு முட்டுது. இங்க பாரு" என்று கையை நீட்டினார். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் பின்கட்டு வாசல் வரை நேர்கோடாகத் தெரியும். "இந்த வாசல்ல வந்த காத்து அந்த வாசல்ல போயிரும். சூடு மேல ஏறி முத்தத்து வழியா வெளியேறிரும். கட்டுனவன் முதல்ல காத்துக்குத்தான் வழி விட்டான்; அப்புறந்தான் மனுசனுக்கு."

எனக்குள் ஏதோ விளங்கியது. எங்கள் வீடு இரண்டே அறை. கல்நார் ஓட்டுக் கூரை. இரவில் நான் மெத்தையில் சாய்ந்துகொண்டு, மெத்தையின் மேலேயே மடிக்கணினியை வைத்துப் படிப்பது வழக்கம். மடிக்கணினியும் ஒரு வீடுதான். அடிப்புறத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். பக்கவாட்டுத் துளை வழியாகச் சூட்டோடு வெளியேற வேண்டும். நான் மெத்தையால் முன்வாசலை அடைத்துவிட்டேன்!

வீட்டுக்கு வந்ததும் மறுபடி அளந்தேன். மெத்தையில் 19 நிமிடம். அம்மாவின் பலகாரப் பலகை ஒன்றின் மேல் வைத்தால் 45 நிமிடம். பக்கத்தில் மேசை விசிறி சுழன்றால் ஒரு மணி பத்து நிமிடம். இப்போது ஐயமே இல்லை. நோய் சூடுதான். ஆனால் நல்ல கருவி பலகையின் மேல் 45 நிமிடத்தில் விழக் கூடாது. உள்ளேயும் எங்கோ அடைப்பு இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை, துறையின் ஆய்வக உதவியாளர் அண்ணன் முன்னிலையில் அடிமூடியைக் கழற்றினோம். கணினியின் மூளையாகிய செயலியின் மேல் ஒரு செம்புக் குழாய் படுத்திருக்கிறது. அது சூட்டை ஓரத்திற்குக் கொண்டுவருகிறது. அங்கே சீப்புப் பல் போல மெல்லிய தகடுகள். அவற்றின் ஊடே சிறு விசிறி காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையில், விரல்நகக் கனத்திற்கு, பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளம் படிந்திருந்தது. சாதாரணத் தூசி ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை. அண்ணன் இடுக்கியால் அதை உரித்தெடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, முறுக்கு வாசம் அடிக்குது?"

அரிசி மாவு, உளுந்த மாவு, அவற்றைப் பிடித்துவைத்த எண்ணெய்ப் புகை! இரண்டு ஆண்டுக்கு மேலாக அம்மா மாவு சலித்த அறையில்தான் அந்தச் சிறு விசிறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைத்தோம். செயலிக்கும் செம்புக்கும் இடையே தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் இடையில் நுண்ணிய காற்றிடைவெளிகள் இருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று நாம் படித்திருக்கிறோம். அந்த இடைவெளிகளை நிரப்பத்தான் அந்தப் பசை. பழையதைத் துடைத்துவிட்டுப் புதிய தெர்மல் பேஸ்ட்டை ஓர் உளுந்தளவு வைத்து மூடினோம். செலவு 150 ரூபாய்.

முன்பு, அணையும் முன் செயலியின் வெப்பம் 100 டிகிரியை நெருங்கியதை ஒரு மென்பொருள் காட்டியிருந்தது. இப்போது அதே காணொளி, அதே பலகை; 62 டிகிரியைத் தாண்டவில்லை. அன்று மாலை முழுவதும் அணையாமல் ஓடியது. செயலி அந்த எல்லையை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். நான் இத்தனை நாள் நோய் என்று வைதது, அது உயிர் பிழைக்கச் செய்த முயற்சியை!

வீட்டுக்கு வந்து மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். மாவு என்றதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அப்ப என்னாலதான் கெட்டுச்சா தாயி?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. தேடித் தேடி நான் கொண்டுவந்து நிறுத்திய குற்றவாளி யார்? என் கட்டணத்தைக் கட்டிய மாவு! அந்த மாவு இல்லையென்றால் எனக்குக் கல்லூரி ஏது? திட்ட அறிக்கை ஏது? "இல்லம்மா, மெத்தைல வச்சது நான்தான். தூசி தட்டாம விட்டதும் நான்தான்" என்றேன். சொல்லும்போதே அதுவும் முழு உண்மையில்லை என்று தோன்றியது. மேசை வாங்க இடமில்லாத வீட்டில் மெத்தையில் வைத்துப் படித்தது குற்றமா? மாவும் காரணம், எண்ணெயும் காரணம், மெத்தையும் காரணம், காய்ந்த பசையும் காரணம். காரணங்கள் நான்கு கிடைத்தன. குற்றவாளி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

இல்லை, ஒருவர் உண்டு. விசாரிக்காமல் தண்டனை கொடுத்தவள்.

தம்பி இரவு எட்டு மணிக்கு வந்தான். நோட்டை அவன்முன் விரித்து, "லினக்ஸ், 18 நிமிடம்" என்ற வரியைக் காட்டினேன். "உன் மேல தப்பில்லடா. இது எனக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தெரியும். சொல்லல" என்றேன். அவன் வெகுநேரம் நோட்டைப் புரட்டினான். பிறகு சொன்னான்: "பரீட்சை வருதுல்லக்கா. பாடம் பாக்கணும்னு தெனமும் சைக்கிள்ல கழனிவாசல்ல கூட்டாளி வீட்டுக்குப் போனேன்." ஊர் சுற்றுகிறான் என்று நான் நினைத்த மாலைகள் அவை. அந்த மாலைகளை நான் திருப்பித் தர முடியாது. 150 ரூபாயில் கருவி சரியாயிற்று; மற்றது அவ்வளவு மலிவாக முடியவில்லை.

நூலகத்தில் படித்த ஒரு செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். 1947 செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் பெரும் கணினி பழுதுபட்டது. திறந்து தேடியபோது அதன் மின்தொடர்பு ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அவர்கள் அந்தப் பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் குறித்துவைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதும் அதே 1947இல்தான். கதவைத் திறந்துவைத்தவர் யார் என்று அங்கே எவரேனும் சண்டை போட்டிருந்தால் நமக்குத் தெரியாது. எஞ்சி நிற்பது பூச்சியும், அதை எங்கே கண்டார்கள் என்ற குறிப்பும்தான். வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் முதலையும் தேடச் சொன்னாரே தவிர, நோயாளியின் தம்பியை அடிக்கச் சொல்லவில்லை!

இப்போது அம்மா மாவு சலிக்கும் நேரத்தில் மடிக்கணினி மூடி, துணி போர்த்தி, மேல்தட்டில் இருக்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதைத் திறந்து துடைக்கும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். நோட்டும் அவனிடம்தான். போன வாரம் வீட்டு மின்விசிறி நின்றுபோனது. "யாருடா இதை..." என்று நான் வாயெடுத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தான்.